முதலில் ஒருவரையொருவர் அறிவோம்: காவிரிப் படுகைச் சேவைச் சங்கங்களின் புதிய தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

வருகிற ஜூலை 1ஆம் தேதி நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் என்று நம் பகுதியில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் அங்கே ஒரு ரோட்டரி சங்கமோ லயன்ஸ் சங்கமோ இருக்கிறது. இந்நேரம் பதவியேற்பு விழாவுக்கு மண்டபம் பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கும். கண் சிகிச்சை முகாம், இரத்த தான முகாம், பள்ளிக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம், தையல் இயந்திரம், மரக்கன்று என்று ஆண்டு முழுவதற்குமான திட்டப் பட்டியலும் ஏறக்குறைய தயாராகியிருக்கும். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் சங்க உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு இந்த ஆண்டில் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

நான் பல ஆண்டுகளாக ஒரு ரோட்டரி சங்கத்தின் உறுப்பினர். அக்கம்பக்கத்து ஊர்ச் சங்கங்களின் கூட்டங்களுக்கும் போய்வருகிறவன். போன இடமெல்லாம் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஏழரைக்கு என்று சொல்லி எட்டே காலுக்குத் தலைவர் மணி அடிக்கிறார். இறைவணக்கம், நான்கு வழிச் சோதனை என்னும் ரோட்டரியின் நான்கு கேள்விகள், செயலர் அறிக்கை, பிறந்த நாள் மண நாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடைய உரை, நினைவுப் பரிசு, குழுப்படம், நாட்டுப்பண், பிறகு இரவு உணவு. உணவின்போது ஒவ்வொருவரும் வழக்கமான மேசைக்குப் போய்விடுகிறார்கள். மருத்துவர்கள் ஒரு பக்கம், நகைக்கடை, ஜவுளிக்கடை நண்பர்கள் ஒரு பக்கம், முன்னாள் தலைவர்கள் ஒரு பக்கம். புதிதாய்ச் சேர்ந்தவர் தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சுவரோரம் காலியாக இருக்கும் நாற்காலியில் அமர்ந்து தோசையைப் பிட்டபடி கைப்பேசியைத் தடவத் தொடங்குகிறார். பதவியேற்பு அன்று அவருடைய சட்டையில் சங்கச் சின்னத்தைக் குத்தி, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டவர்களில் யாரும் அதன் பிறகு அவருடைய கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு சந்தா கட்டும் நேரத்தில் அவர் வரவில்லை என்றால், "வேலை அதிகம் போல" என்று சொல்லி நாம் அடுத்த ஆளைச் சேர்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

வாராவாரம் எழுந்து நின்று வாசிக்கும் நான்கு வழிச் சோதனையில் மூன்றாவது கேள்வி, நாம் செய்யும் காரியம் நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா என்பது. 1932இல் ஹெர்பர்ட் டெய்லர் நலிந்துபோன ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதிய கேள்விகள் அவை. வணிகத்துக்கென எழுதப்பட்ட அந்தக் கேள்வியை நம் கூட்டத்தின்மீதே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ரோட்டரி இயக்கம் தொடங்கிய விதத்தை நினைவுகூர்வது இங்கே தேவை என்று கருதுகிறேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ். அவர் 1896இல் வக்கீல் தொழில் செய்யச் சிகாகோவுக்கு வந்தார். வாரநாள்களில் வேலை இருந்தது; ஞாயிற்றுக்கிழமைகளில் மனம்விட்டுப் பேச ஆளில்லை. 1900ஆம் ஆண்டில் ஒரு மாலை, இன்னொரு வக்கீலின் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, அந்த நண்பர் தம் பேட்டையில் ஒவ்வொரு கடையாக நின்று, கடைக்காரர்களைப் பெயர் சொல்லி விசாரித்து, இவரையும் அறிமுகப்படுத்தியதைக் கண்டார். கும்பகோணம் கடைத்தெருவில் இன்றைக்கும் அன்றாடம் நடக்கிற காரியம்தான். ஆனால் பெருநகரத்தில் தனித்திருந்த ஒருவருக்கு அது பெரிதாகப் பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1905 பிப்ரவரி 23ஆம் தேதி, அவரும் ஒரு நிலக்கரி வணிகரும் ஒரு சுரங்கப் பொறியாளரும் ஒரு தையற்காரரும் அந்தப் பொறியாளரின் அலுவலக அறையில் கூடினார்கள். அடுத்தடுத்த கூட்டங்களை உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்து நடத்தினார்கள். இப்படி முறைவைத்துச் சுற்றி வருவதிலிருந்தே (ரொடேஷன்) ரோட்டரி என்ற பெயரும் வந்தது. ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர் என்று சேர்த்தார்கள். ஒருவர் பிழைக்கும் இடத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்தார்கள். கூட்டம் என்றால் அவர்களுக்கு அதுவாகத்தான் இருந்தது.

வெறும் நட்பு வட்டம் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியும் நியாயமானதே. 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சங்கத்துக்கு அழைத்தபோது, உறுப்பினர்களுக்குள் மட்டுமே நன்மை செய்துகொள்ளும் அமைப்புக்கு எதிர்காலம் இல்லை, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அதையடுத்துத்தான் சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறைகள் அமைக்கும் முயற்சியில் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து இறங்கியது. ஆக, அறிமுகம் முதலில் வந்தது, தொண்டு அதிலிருந்து கிளைத்தது. ரோட்டரியின் நோக்கங்களுள் முதலாவதாகவே, தொண்டுக்கான வாய்ப்பாக அறிமுகத்தை வளர்ப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். திட்டங்களை முடித்த பிறகு நேரம் மிஞ்சினால் பழகலாம் என்று நினைக்கிறோம், நேரம் மிஞ்சுவதேயில்லை.

பழக்கம் இல்லாமல் செய்யும் தொண்டு எப்படிப் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கு ஒரு சங்கம் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தது. நல்ல இயந்திரம், நல்ல விழா. சில மாதங்களில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மாற்றித் தர யாருமில்லாமல் அது வராந்தாவில் நின்றது, பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து புட்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தச் சங்க உறுப்பினர் ஒருவரின் அக்கா அதே பள்ளியில் ஆசிரியை. அங்கே முதல் தேவை பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி என்பதும், இயந்திரம் வைத்தால் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். உறுப்பினரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அக்காவிடம் கேட்டிருப்பார். அவருக்கு அப்படி ஓர் அக்கா இருப்பதே சங்கத்தில் எவருக்கும் தெரியாது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. எங்கள் சங்கத்தில் ஒரு முறை, ஓட்டல் அரங்கை விட்டுவிட்டு, அரிசி ஆலை வைத்திருக்கும் உறுப்பினரின் ஆலையிலேயே கூட்டத்தை வைத்துக்கொண்டோம். சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்திருந்த சமயம். அவர் ஊறல் தொட்டியிலிருந்து தொடங்கி, நெல் அவிக்கும் இடம், உலர்த்தும் களம், உமியை எரித்து நீராவி எடுக்கும் கொதிகலன் என்று எங்களை அழைத்துப் போனார். ஒரு குவியலில் கைப்பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி ஊதிவிட்டு, ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து அதன் ஈரப்பதத்தைச் சொன்னார். பிறகு ஈரமானியில் வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய அதே அளவைக் காட்டியது. அரசுக் கொள்முதலுக்கு 17 சதவீதம் என்று வரம்பு இருப்பதும், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அதைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் ஏன் அரசிடம் மன்றாடுகிறார்கள் என்பதும் கல்லூரிப் பேராசிரியரான எங்கள் உறுப்பினருக்கு அன்றுதான் நேரில் விளங்கியது. பத்திரிகையில் ஆண்டுதோறும் படித்த செய்தியைக் கையால் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது என்று அவர் சொன்னார்.

மற்றவர்கள் நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்களோடு வந்திருந்த மருத்துவர் தொழிலாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உமித் தூசியில் நின்றிருந்த ஓர் அம்மாவிடம் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரித்தார். "அது எப்பவும் இருக்கறதுதான் சார்" என்று அந்த அம்மா சொன்ன பதில் அவரை உறுத்தியிருக்க வேண்டும். களத்தின் ஓரத்தில் நின்றபடியே ஆலை முதலாளியும் அவரும் பேசினார்கள். அடுத்த மாதம் அந்த ஆலையிலும் பக்கத்து ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடந்தது. பதாகை வைத்து ஆள் திரட்ட வேண்டிய அவசியமே வரவில்லை, ஏனென்றால் முகாம் அவர்கள் நிற்கிற இடத்துக்கே போயிற்று. அந்த இருவரும் அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஒரே சங்கத்தில் இருந்தவர்கள், கூட்டத்தில் கைகுலுக்கியவர்கள். ஒருவருடைய பணியிடத்தில் இன்னொருவர் கால் வைத்தது அன்றுதான்.

ஆகவே நான் கேட்கும் முதல் காரியம் இதுதான்: மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது ஓர் உறுப்பினரின் தொழிலிடத்தில் நடத்துங்கள். நம் படுகையில் இதற்குப் பஞ்சமே இல்லை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலை அதன்மேல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கும் ஸ்தபதிகள் இருக்கிறார்கள்; நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறைகள் இருக்கின்றன; விதைக்கடை, உரக்கடை, அச்சகம், மருத்துவ ஆய்வகம், தணிக்கையாளர் அலுவலகம், அறுவடை இயந்திரப் பணிமனை எல்லாம் நம் உறுப்பினர்கள் பகல் முழுதும் இருக்கும் இடங்கள். அங்கே அவர்கள் கால் மணி நேரம் தம் தொழிலைப் பற்றிப் பேசட்டும்: எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார், அதில் எது கடினம், ஊரார் அதில் எதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. வெளியூரிலிருந்து ஊக்கப் பேச்சாளரை வரவழைப்பதைவிட இது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

உணவு மேசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழைப்பில் ஃபெலோஷிப், அதாவது தோழமை, என்று அச்சிடும் அந்த இரவு உணவில் யார் யாரோடு உட்காருவது என்பதை, சங்கடப்படாமல், தலைவர் என்ற உரிமையோடு மாற்றி அமையுங்கள். நம் ஊர் மரபில் பந்தி விசாரிப்பது என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் இலை இலையாகப் போய், "சாப்பிட்டீங்களா, எந்த ஊரு, யாரு கூட வந்தீங்க" என்று கேட்டுவருவார். அந்தப் பொறுப்பை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் உறுப்பினரிடம் கொடுங்கள். புதிதாய்ச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் ஒரு மூத்த உறுப்பினரைத் துணையாக வையுங்கள். அவரைக் கூட்டத்துக்கு அழைத்து வருவதும், பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து பேச வைப்பதும், தம் வீட்டுக்கு ஒரு முறை அழைத்துக் காபி கொடுப்பதும் துணைவரின் வேலையாக இருக்கட்டும். முதல் பெயரால் அழைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு ஒத்துவராது; மூத்தவரை அண்ணன் என்றும் ஐயா என்றும் சொல்வதே நமக்கு இயல்பு, அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் "மில்காரர்", "பேங்க் மேனேஜர்", "டாக்டர் சார்" என்று மட்டுமே பல ஆண்டுகள் அழைத்து, முழுப் பெயர் கேட்டால் விழிக்கும் நிலை ஒரு சங்கத்தில் இருக்கக் கூடாது.

சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் பகுதியில் இருவர் அறிமுகமாகும்போது ஊரைக் கேட்போம், பிறகு தெருவைக் கேட்போம், பிறகு யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்போம். அந்தக் கேள்விகள் எங்கே போய் முடிகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மேசைகளும் பல இடங்களில் அப்படியே பிரிந்துகிடக்கின்றன. புதியவரைச் சேர்க்கும்போதும் தெரிந்தவர், வேண்டியவர் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறோம். தொழிலைக் கேட்டு ஒருவரை அறியத் தொடங்கும் இடம் நம் ஊர்களில் மிகக் குறைவு. சேவைச் சங்கம் அப்படிப்பட்ட இடம். அதை அப்படியே காப்பாற்றுவதும், இதுவரை நம் மேசைக்கு வராத தெருக்களிலிருந்து தகுதியுள்ளவர்களை அழைத்து வருவதும் உங்கள் கடமை என்று நினைக்கிறேன். உட்கார வைத்த பிறகு அவர்களோடு பேசவும் வேண்டும்.

பெண் உறுப்பினர்களின் நிலையும் இதைச் சார்ந்ததே. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்து, 1989இல் ரோட்டரி தன் விதியைத் திருத்தி, பெண்கள் உறுப்பினர்களாகும் வழி திறந்து ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் நம் விழாக்களில் பெண் உறுப்பினரிடம் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும்தான் முதலில் போய்ச் சேருகின்றன; அறிமுகம் செய்யும்போது அவர் நடத்தும் மருந்தகத்தைச் சொல்வதற்கு முன் அவர் இன்னாருடைய மனைவி என்று சொல்கிறார்கள். தொழிலிடக் கூட்டங்களை அவர்களுடைய இடங்களிலிருந்து தொடங்கினால் இது தானாகவே மாறும். கூட்டம் இரவு பத்தரைக்கு முடிவதையும் மாற்ற வேண்டும்.

நேரம் என்று சொல்லும்போது விவசாயத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. காவிரிப் படுகையில் இருக்கும் சங்கங்களில் விவசாயிகள் ஏன் இவ்வளவு குறைவு? மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு நாற்றங்கால், நடவு; பிறகு அந்த அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்; தையில் சம்பா அறுவடை, கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கும் இரவுகள். இந்த நாள்களில் வரவில்லை என்று ஒரு விவசாயியையோ விதைக்கடைக்காரரையோ வருகைப் பதிவேட்டில் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. மாதம் இரண்டு முறையாவது கூடினால் போதும் என்று 2016இல் ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் விதியைத் தளர்த்தியிருக்கிறது. அந்த நெகிழ்வை நம் பயிர்க்காலத்துக்கு ஏற்பப் பயன்படுத்தலாம். அறுவடை மாதங்களில் காலை உணவுக் கூட்டமாக வைத்துக்கொள்வது ஒரு வழி.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. காலை வணக்கப் படங்களும் வாழ்த்துப் பூங்கொத்துகளும் ஒருவரோடொருவர் பழகியதாக ஆகிவிடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பிறந்த நாளன்று தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16ஆம் தேதி பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப்போட்டது. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அப்போது குழுவில் செய்தி போட்டு ஆள் சேர்க்க வழியில்லை. யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யாருடைய டிராக்டர் ஓடும் நிலையில் இருக்கிறது, மரம் அறுக்கும் இயந்திரம் யார் வீட்டில் இருக்கும், எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவரை எந்த உறுப்பினருக்குத் தெரியும் என்பது நினைவில் இருந்தவர்களால் மட்டுமே வேலை நடந்தது. உறுப்பினர்கள் நெருங்கிப் பழகிய சங்கங்கள் மறுநாளே ஒருவர் வீட்டு வாசலில் கூடி, அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் ஏற்றிக்கொண்டு கிளம்பியதை நான் கண்டேன். மற்றவர்கள் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டுக் கிளம்புவதற்குள் நாள்கள் போயின. அவர்களுடைய மனம் குறைந்ததல்ல, பணமும் குறைவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது, வங்கக் கடலில் தாழ்வு மண்டலமும் வருகிறது. அடுத்த புயலுக்கான ஆயத்தத்தில் உறுப்பினர்களின் பழக்கத்தையும் ஒரு பகுதியாகக் கருதுங்கள்.

பழைய வழக்கம் ஒன்றையும் மீட்டெடுக்கலாம். தம் சங்கக் கூட்டத்தைத் தவறவிட்டவர் வேறொரு சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு வருகையை ஈடுசெய்யும் முறை முன்பு உயிரோடு இருந்தது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூரோ மயிலாடுதுறையோ ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான். மன்னார்குடியும் திருவாரூரும் ஏறக்குறைய அதே தொலைவில்தான் இருக்கின்றன. ஆறுகள் கிளைபிரிந்து ஊர்களைக் கோத்திருக்கும் இந்தப் பகுதியில், பக்கத்து ஊர்ச் சங்கத்தின் செயலரை முகம் தெரியாமல் நாம் இருக்கிறோம். லயன்ஸ் நண்பர்களும் ரோட்டரி நண்பர்களும் ஒரே தெருவில் தனித்தனியாக முகாம் நடத்துவதற்கும் இதுவே காரணம்.

ஜூலை மாதத்து முதல் கூட்டத்துக்கு முன்பாக ஒரு காரியம் செய்யுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் சங்கத்தை விட்டு விலகியவர்களின் பட்டியலைச் செயலரிடமிருந்து வாங்கி, தலைவரும் செயலருமாக அவர்களில் சிலரையாவது நேரில் போய்ப் பாருங்கள். திரும்பச் சேரும்படி வற்புறுத்த வேண்டாம். ஏன் வராமல் போனார்கள் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சிறப்பு விருந்தினர் வேண்டாம். அந்த நேரத்தில் நான்கு உறுப்பினர்கள் தம் தொழிலைப் பற்றிப் பேசட்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். எந்தச் சங்கம் இப்படி ஒரு கூட்டத்தை வைத்தாலும், தகவல் சொன்னால், வருகையை ஈடுசெய்யும் உறுப்பினராக நானும் வந்து கலந்துகொள்ள விரும்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஒரு ரோட்டரி சங்க உறுப்பினர்
கும்பகோணம் வட்டாரம்